ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நன்றி சொல்ல ஒரு இணையதளம்: எப்படிச் செய்வது, உள்ளே என்ன வைப்பது?

கேள்வி இதுதான்: பிளஸ் ஒன் படிக்கும் மாணவர்கள் நான்கு பேர், தங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையப் பணியாளர்களுக்கு நன்றி சொல்லும் விதமாக ஒரு இணையதளம் செய்ய நினைக்கிறார்கள். எச்.டி.எம்.எல், சி.எஸ்.எஸ் இரண்டும் பாடத்தில் படித்த அளவுக்குத் தெரியும். கையில் பணம் இல்லை. மே 12, உலக செவிலியர் தினத்துக்குள் முடிக்க வேண்டும். வேர்ட்பிரஸ் (இணையதளம் செய்ய உதவும் மென்பொருள்) போடலாமா, உள்ளே என்னென்ன வைக்கலாம் என்று கேட்கிறார்கள்.

வேர்ட்பிரஸ் வேண்டாம். அது கெட்டது என்பதற்காகச் சொல்லவில்லை. அதற்கு ஒரு டேட்டாபேஸ் வேண்டும், அது ஓடுவதற்கு ஒரு சர்வர் வேண்டும், மாதாமாதம் அப்டேட் போட ஒரு ஆள் வேண்டும். அடுத்த வருடம் உங்களுக்குப் பொதுத்தேர்வு, அதற்கடுத்த வருடம் ஆளுக்கொரு கல்லூரி. யாரும் கவனிக்காமல் விட்ட வேர்ட்பிரஸ் தளத்தில் பழைய பிளகின் ஓட்டை வழியாக எவனோ நுழைந்து ரம்மி விளம்பரத்தைச் சொருகிவிட்டுப் போவது அன்றாடம் நடக்கிறது. நன்றி சொல்ல வைத்த பக்கத்தில் சூதாட்ட விளம்பரம் வந்தால் எப்படி இருக்கும்?

உங்களுக்கு வேண்டியது வெறும் கோப்புகளால் ஆன நிலைத்தளம், அதாவது ஸ்டேட்டிக் சைட். ஒரு எச்.டி.எம்.எல் கோப்பு, ஒரு சி.எஸ்.எஸ் கோப்பு, ஒரு படக் கோப்புறை. உடைத்துப் புகுவதற்கு லாகின் பக்கமே அதில் கிடையாது. ஐந்து வருடம் யாரும் தொடாவிட்டாலும் அப்படியே திறக்கும். தனி டொமைனும் வாங்காதீர்கள். முதல் வருடம் யாராவது மாமா பணம் கட்டுவார், இரண்டாம் வருடம் மறந்துவிடுவீர்கள். காலாவதியான பெயரை வேறு ஆள் வாங்கிக்கொள்வான். இலவசமாகக் கிடைக்கும் துணை முகவரியே போதும்.

கோடு எழுதுவது உங்களுக்கு ஒரு மாலைநேர வேலை. உள்ளே வைக்கும் விஷயத்தைச் சேகரிக்கத்தான் வாரக்கணக்கில் ஆகும். ஆனால் பெரும்பாலும் தலைகீழாகத்தான் நடக்கிறது. அனிமேஷனுக்கும் வண்ணத்துக்கும் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசி நாள் இரவில் 'உங்கள் தன்னலமற்ற சேவைக்குக் கோடானுகோடி நன்றிகள்' என்று ஒரு வரியைப் போட்டு முடித்துவிடுகிறார்கள். கூடவே கூகுளில் எடுத்த ஸ்டெதஸ்கோப் படம், ஒரு சிவப்பு இதயம். அந்த வரியை எந்த ஊர் நிலையத்துக்கும் ஒட்டலாம். அதைப் படிக்கும் செவிலியருக்கு அது தன்னைப் பற்றியது என்று ஒரு நொடிகூடத் தோன்றாது. அதனால் உள்ளடக்கத்தைப் பற்றி முதலில் விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

யாருக்கு நன்றி என்று முதலில் ஒரு பட்டியல் எடுங்கள். டாக்டர், நர்ஸ் என்று இரண்டோடு நின்றுவிடாதீர்கள். மருந்து கொடுக்கும் சன்னலுக்குப் பின்னால் மருந்தாளுநர் இருக்கிறார். விரலில் குத்தி ரத்தம் எடுக்கும் ஆய்வக நுட்பநர் இருக்கிறார். டெங்கு சீசனில் வீடு வீடாக வந்து தண்ணீர்த் தொட்டியைத் திறந்து கொசுப்புழு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பவர்களும், அவர்களை வேலை வாங்கும் சுகாதார ஆய்வாளரும் இருக்கிறார்கள். பிரசவ அறையைக் கழுவிவிடும் தூய்மைப் பணியாளர் இருக்கிறார். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் பெண் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். 108 வண்டியில் ஓட்டுநரோடு மருத்துவ உதவியாளர் ஒருவரும் வருவார். அவசரத்தில் அவர் முகத்தைக்கூட யாரும் கவனித்திருக்க மாட்டோம்.

அப்புறம் கிராம சுகாதார செவிலியர். என்னைக் கேட்டால் உங்கள் தளத்தில் அதிக இடம் இவருக்குத்தான் போக வேண்டும், ஏனென்றால் பொதுவாக மிகக் குறைவாகப் பேசப்படுபவர் இவர்தான். சமவெளியில் ஏறத்தாழ 5,000 பேருக்கு, மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. அந்த அத்தனை பேரில் யார் கர்ப்பமாக இருக்கிறார், யாருக்கு எப்போது பிரசவத் தேதி, எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி விட்டுப்போயிருக்கிறது என்பதெல்லாம் இவர் பதிவேட்டில் இருக்கும். கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி எண் வாங்கித் தருவது இவர். பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போகும்போது அந்த எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள். புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள். தடுப்பு மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரிலேயே இருந்தாக வேண்டும் என்பதால், உள்பக்கம் நாலு பக்கமும் ஐஸ் பேக் வைத்த பெட்டியில் அதைச் சுமந்துகொண்டு அங்கன்வாடிக்கு வருவார்.

முடிந்தால், அனுமதி கேட்டு, அந்தப் பெட்டியைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். மருந்துக் குப்பிகளில் ஒரு சின்ன வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் அச்சிட்டிருக்கும். தொடக்கத்தில் சதுரம் வெளிறி இருக்கும். வெப்பம் படப்படக் கருத்துக்கொண்டே வரும். சுற்றியுள்ள வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அந்தக் குப்பி ஆகாது, ஒதுக்கிவிட வேண்டும். ஒவ்வொரு குப்பியையும் திறப்பதற்கு முன்னால் அவர் அதைப் பார்ப்பார். நம் கையில் ஊசி ஏறும்போது நாம் கவனிக்காத விஷயம் இது. இதை ஒரு படமாகவும் நாலு வரியாகவும் உங்கள் பக்கத்தில் வைத்தால், 'தன்னலமற்ற சேவை' என்ற சொல்லே தேவைப்படாது. இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸ் இந்தியாவில் கடைசியாக 2011 ஜனவரியில் ஒரு குழந்தைக்கு வந்தது, 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்று சான்று கிடைத்தது என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அது இப்படிப்பட்ட பெட்டிகள் தெருத்தெருவாகப் போனதால் நடந்தது.

ஊர்க்காரர்களிடம் நன்றிக் குறிப்பு வாங்கும்போது 'நன்றி சொல்லுங்கள்' என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் எல்லோரும் மேடைப் பேச்சுக்குப் போய்விடுவார்கள். 'அங்கே போனபோது நடந்த ஒரு விஷயம் சொல்லுங்க' என்று கேளுங்கள். உதாரணத்துக்கு, 'மருத்துவமனை ஊழியர்களின் அர்ப்பணிப்பு போற்றத்தக்கது' என்பது ஒரு குறிப்பு. 'மாத்திரை அட்டையைப் படிக்கத் தெரியாதுன்னு சொன்னேன். காலைக்கு ஒரு கோடு, ராத்திரிக்கு ரெண்டு கோடுன்னு கவர் மேல பேனாவால போட்டுக் குடுத்தாங்க' என்பது இன்னொன்று. இரண்டாவதை வாங்கி வாருங்கள். பேச்சு வழக்கை அப்படியே விடுங்கள், இலக்கணம் திருத்தாதீர்கள். நீளத்தைக் கட்டுப்படுத்துங்கள், ஐந்தாறு வரிக்கு மேல் போனால் யாரும் போனில் படிக்க மாட்டார்கள்.

எழுதத் தெரியாத பாட்டிகளிடம் குரலாகவே பதிந்துகொள்ளலாம். எச்.டி.எம்.எல்லில் ஆடியோ டேக் ஒன்று போதும், ஜாவாஸ்கிரிப்ட் தேவையில்லை. ஒரு நிமிடப் பேச்சை 64 கிலோபிட் எம்பி3 ஆக மாற்றினால் அரை எம்.பி.க்குள் அடங்கிவிடும். வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜை அப்படியே ஏற்றாதீர்கள். அந்த வகைக் கோப்பு பழைய ஐபோன்களில் ஓடாது. பக்கம் திறக்கும்போதே எல்லா ஒலியும் இறங்காமல் இருக்க ப்ரீலோட் (preload) என்பதில் நன் (none) என்று கொடுத்துவிடுங்கள்.

'தெய்வங்கள்', 'வெள்ளுடை தேவதைகள்' போன்ற சொற்களைக் கூடியவரை தவிர்க்கச் சொல்வேன். ஊர்க்காரர் ஒருவர் தன் குறிப்பில் அப்படிச் சொன்னால் இருக்கட்டும், அது அவர் வாய். உங்கள் எழுத்தில் வேண்டாம். தொகுப்பூதியத்தில் இருக்கும் செவிலியர்கள் பணி நிரந்தரம் கேட்டுத் தெருவில் உட்கார்ந்த செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். 2020 மார்ச் 22 மாலை 5 மணிக்கு நாடே கைதட்டியது, தட்டு தட்டியது. அதே சில வாரங்களில், வாடகைக்கு இருந்த மருத்துவப் பணியாளர்களை வீட்டைக் காலி பண்ணச் சொன்ன செய்திகளும் வந்தன. தேவதை என்று சொல்லிவிட்டால் சம்பளம், விடுப்பு, தூக்கம் எல்லாம் தேவைப்படாதவர் என்று ஆகிவிடுகிறது. வேலை தெரிந்த மனுஷியாக அவரைக் காட்டுங்கள்.

இனி அனுமதி. இதில் மட்டும் அலட்சியம் கூடாது. முதலில் தலைமையாசிரியர் வழியாக மருத்துவ அலுவலருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். அவர்கள் அரசு ஊழியர்கள், உள்ளே படம் எடுப்பதற்கு மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்று அவர் சொன்னால் காத்திருங்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு பணியாளரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள்: பெயர் போடலாமா, படம் போடலாமா? டாக்டர் சரி என்றால் எல்லோரும் சரி என்று அர்த்தமில்லை. தூய்மைப் பணியாளர் தன் படம் வேண்டாம் என்று சொன்னால் பதவியை மட்டும் போடுங்கள், அல்லது அவர் கையில் இருக்கும் பொருளைப் படம் எடுங்கள். உண்மையில் முகங்களைவிடப் பொருள்கள் நன்றாகப் பேசும்: பதிவேடு, எடை பார்க்கும் தராசு, அந்தத் தடுப்பூசிப் பெட்டி. போன் நம்பர் யாருடையதும் வேண்டவே வேண்டாம்.

நோயாளிகள் விஷயத்தில் இன்னும் கவனம். படத்தின் பின்னணியில்கூட ஒரு நோயாளி முகம் வரக் கூடாது, ஓ.பி. சீட்டில் எழுதியிருப்பது தெரியக் கூடாது. நன்றி சொல்கிறவரே தன் நோயை வெளியே சொல்லிவிடுவார்: 'எனக்கு டி.பி. வந்தப்ப ஆறு மாசம் மாத்திரை குடுத்துக் காப்பாத்துனாங்க' என்று மனசார எழுதித் தருவார். அவருக்கு அடுத்த வருடம் பெண் பார்க்கும்போது அந்தப் பக்கம் யார் கண்ணிலாவது பட்டால்? இப்படிப்பட்ட குறிப்புகளைப் பெயர் இல்லாமல், தெருப் பெயரும் இல்லாமல் போடுங்கள், அல்லது நோயின் பெயரை எடுத்துவிடலாமா என்று அவரிடமே கேளுங்கள். யாரும் வந்து எழுதும் கமெண்ட் பெட்டியை வைக்காதீர்கள். குறிப்புகளை கூகுள் ஃபார்மில் வாங்குங்கள். படித்துப் பார்த்து நீங்களே கையால் பக்கத்தில் சேருங்கள்.

சரி, இப்போது கணினிக்கு வருவோம். ஒரே பக்கம் போதும். மேலே நிலையத்தின் பெயரும் ஒரு பத்தி அறிமுகமும், நடுவில் ஆட்கள், அப்புறம் குறிப்புகள், கீழே எந்த மாதம் எந்த வருடம் செய்தது என்ற தேதி. அந்தத் தேதி அவசியம், ஏனென்றால் இவர்களில் பாதிப் பேர் இரண்டு வருடத்தில் இடமாறுதல் ஆகிப் போய்விடுவார்கள்.

தலைப்பகுதியில் மூன்று விஷயம் கட்டாயம். மெட்டா சார்செட் யூடிஎஃப்-8, இல்லாவிட்டால் தமிழ் எழுத்து குப்பையாகத் தெரியலாம். வியூபோர்ட் மெட்டா, இல்லாவிட்டால் போனில் எறும்பு சைசில் தெரியும். எச்.டி.எம்.எல் டேகிலேயே மொழி தமிழ் என்று குறிப்பது, பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் சரியான குரலில் படிக்க அதுதான் உதவும். படங்களுக்கு ஆல்ட் எழுத்தும் தமிழிலேயே எழுதுங்கள்.

யாராவது டி.டி.பி. கடையில் அடித்த வாழ்த்து மடலை அனுப்பினால் உஷாராக இருங்கள். அது பெரும்பாலும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துரு முறையில் இருக்கும். காப்பி செய்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாக உளறும். யூனிகோடுக்கு மாற்றித் தரும் கன்வர்ட்டர்கள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை படித்துப் பாருங்கள், ஒற்றும் கொம்பும் இடம் மாறியிருக்கும். சின்னக் குறிப்பு என்றால் நேரடியாகத் தட்டச்சு செய்துவிடுவது சீக்கிரம் முடியும்.

தனியாக எழுத்துரு ஏற்ற வேண்டாம். ஆண்ட்ராய்டில் நோட்டோ தமிழ் ஏற்கெனவே இருக்கிறது, விண்டோஸில் நிர்மலா இருக்கிறது, ஐபோனிலும் தமிழ் இருக்கிறது. பொதுவான சான்ஸ் செரிஃப் என்று விட்டால் அவையே வந்துவிடும், பக்கமும் வேகமாகத் திறக்கும். எழுத்து அளவு 18 பிக்சல், வரி உயரம் 1.7 அளவுக்கு வையுங்கள். தமிழில் எழுத்துக்கு மேலேயும் கீழேயும் சுழிகள் இருப்பதால் ஆங்கிலத்துக்குப் போதுமான இடைவெளி நமக்குப் போதாது. ஜஸ்டிஃபை செய்யாதீர்கள். 'கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' போன்ற ஒரு சொல் போன் திரையில் ஒரு வரியை முழுசாகப் பிடித்துக்கொள்ளும், அதற்கு மேல் வரியில் இரண்டு சொற்கள் ஆளுக்கொரு மூலையில் நிற்கும். இடப்பக்க ஒழுங்கே அழகு. சாய்வெழுத்தும் வேண்டாம், எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்டுவதும் வேண்டாம். இரண்டுமே தமிழைச் சிதைக்கும்.

படங்களைப் போனில் எடுத்தபடியே ஏற்றினால் ஒவ்வொன்றும் மூன்று நான்கு எம்.பி. இருக்கும். ஸ்குவூஷ் (Squoosh) என்ற இலவசக் கருவியில் அகலத்தை 1,200 பிக்சலாகக் குறைத்து வெப்பி (WebP) வடிவில் சேமித்தால் 150 கேபி பக்கம் வந்துவிடும். அதில் இன்னொரு நன்மை, எடுத்த இடத்தின் ஜி.பி.எஸ். விவரம் படத்துக்குள் ஒளிந்திருந்தால் அதுவும் போய்விடும்.

ஏற்றுவதற்கு கிட்ஹப் தளத்தின் இலவச வசதியான கிட்ஹப் பேஜஸ் போதும். 13 வயது நிரம்பியவர் கணக்கு தொடங்கலாம். புதிய ரெப்போ (உங்கள் கோப்புகளை வைக்கும் இடம்) ஒன்று உருவாக்கி, கோப்புகளை இழுத்துப் போட்டு, செட்டிங்ஸில் பேஜஸ் போய் மெயின் கிளையைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தால் சில நிமிடங்களில் முகவரி கிடைக்கும். ஒரு தளம் 1 ஜி.பி. வரை இருக்கலாம். உங்களுக்கு அதில் நூறில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது.

உங்கள் கணினியில் சரியாகத் தெரிந்த படம் ஏற்றியபின் காணாமல் போனால் பதற வேண்டாம், காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. விண்டோஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்று, கிட்ஹப்புக்கு வேறு வேறு. கேமரா கொடுக்கும் கோப்புப் பெயரின் கடைசியில் ஜேபிஜி பெரிய எழுத்தில் இருக்கும், நீங்கள் கோடில் சின்ன எழுத்தில் எழுதியிருப்பீர்கள். அதனால் எல்லாப் பெயரையும் சின்ன ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் வைத்துவிடுங்கள். இரண்டாவது, கோப்புப் பாதையைச் சாய்கோட்டில் தொடங்குவது. உங்கள் தளம் முகவரியில் ரெப்போ பெயருக்கு உள்ளே இருக்கும். சாய்கோட்டில் தொடங்கினால் பிரவுசர் அதற்கு வெளியே போய்த் தேடும்.

கிட்ஹப்பில் அவ்வளவாகச் சொல்லப்படாத ஒரு விஷயம்: பொது ரெப்போவில் ஏற்றிய படத்தை நீக்கினாலும் அது பழைய கமிட் வரலாற்றில் (முன்பு சேமித்த பதிப்புகளில்) இருந்துகொண்டே இருக்கும், தேடத் தெரிந்தவர் எடுத்துவிடலாம். ஒரு செவிலியர் பிறகு மனம் மாறி 'என் படத்தை எடுத்துருப்பா' என்றால், பக்கத்திலிருந்து எடுப்பது மட்டும் போதாது. ரெப்போவையே நீக்கிவிட்டு, அந்தப் படம் இல்லாமல் புதிதாக ஏற்றுவதுதான் உங்களுக்குச் சுலபமான வழி. அதனால்தான் அனுமதி வாங்காமல் 'சும்மா டெஸ்டுக்கு' என்றுகூட ஒரு முகத்தையும் ஏற்றாதீர்கள். இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் கிளவுட்ஃப்ளேர் பேஜஸில் கோப்புறையை நேரடியாக இழுத்துப் போடலாம், அதுவும் இலவசம்தான்.

உங்கள் பக்கத்தை யாரும் கூகுளில் தேடி வரப் போவதில்லை, வாட்ஸ்அப் குரூப் வழியாகத்தான் வருவார்கள். அதனால் தலைப்பகுதியில் ஓஜி டைட்டில் (og:title), ஓஜி இமேஜ் (og:image) என்ற மெட்டா டேக் இரண்டும் போடுங்கள். லிங்க்கை அனுப்பும்போது தலைப்பும் படமும் தெரிய அதுதான் காரணம். படத்தின் முகவரி எச்டிடிபிஎஸ் தொடங்கி முழுசாக இருக்க வேண்டும். மாற்றிய பிறகும் பழைய படமே காட்டினால், அனுப்பும் முகவரியின் கடைசியில் கேள்விக்குறி போட்டு ஒரு எண் சேர்த்து அனுப்பிப் பாருங்கள்.

க்யூஆர் கோடு அச்சிட்டு ஓ.பி. வரிசைக்குப் பக்கத்தில் ஒட்ட அனுமதி கிடைத்தால் நல்லது. ஆனால் டைனமிக் என்று சொல்லிக் கொடுக்கும் இலவச க்யூஆர் வேண்டாம். அது அவர்கள் தளம் வழியாகச் சுற்றிப் போகும், சோதனைக் காலம் முடிந்ததும் பணம் கேட்டு நின்றுவிடும். முகவரியையே நேரடியாகப் பொதித்த சாதாரண கோடு எப்போதும் வேலை செய்யும். ஒட்டுவதற்கு முன் மலிவான பழைய போன் ஒன்றில் ஸ்கேன் செய்து பாருங்கள்.

மே 12 அன்று லிங்க்கை மட்டும் அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். டூட்டியில் இருப்பவருக்குப் போனைப் பார்க்க நேரம் இருக்காது. குறிப்புகளைப் பெரிய எழுத்தில் தாளில் அச்சிட்டு, பைண்டிங் செய்து ஒரு பிரதியைக் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். அன்று செவ்வாயாக இருந்தால் கர்ப்பிணிகள் வரும் நாள், புதனாக இருந்தால் தடுப்பூசி. அப்படி வந்தால் வியாழக்கிழமை போங்கள். எந்த நாளானாலும் காலையில் போகாதீர்கள். ஓ.பி. கூட்டம் கலைந்த பிறகு, மதியம் சாப்பாடு முடிந்த நேரமாகப் பார்த்துப் போங்கள். நான்கு பேர் போனால் போதும், வகுப்பே திரண்டு போக வேண்டாம்.